மேளம் மாறும் இடம்

விசாகை நடுரோட்டில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். வந்துகொண்டிருந்த வேன் ஹாரன் அடித்தது. நிற்கப்போவதுபோல வேகத்தைக் குறைத்தது. பிறகு ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, அவளைச் சுற்றிக்கொண்டு போயே போய்விட்டது. டிரைவர் பக்கத்தில் இருந்தவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வூட்டுக்குப் போம்மா, கலாட்டா நடக்குது" என்று கத்தினான்.

அதற்கு முன் வந்த ஜல்லி லாரியும் நிற்கவில்லை. அதற்கு முன் எதுவும் வரவே இல்லை.

ஒரகடம் கூட்ரோட்டு டீக்கடையில் எப்போதும் நாலு பேராவது இருப்பார்கள். இன்றைக்குக் கடை சாத்தியிருந்தது. பக்கத்துப் புளியமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதில் அவளுடைய அப்பா பலராமன், நெஞ்சின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தலைமாட்டில் அம்மா பாஞ்சாலி முந்தானையால் விசிறினாள். கட்டிலைத் தூக்கிவந்தவர்களில் பக்கத்து வீட்டுத் தாவீது மட்டும் போகாமல் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்தபடி ரோட்டின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரும்பூதூர் ஆஸ்பத்திரிக்கு இப்டியே தூக்கினு போயிடலாமாண்ணா?"

"அங்க ஒரு ஈ காக்காய வுடல விசாகம். ரோடு பூரா போலீஸு. தாம்பரம் பக்கம் பஸ்ஸ கொளுத்திக்கினு கீறானுங்களாம்."

முந்தின இரவு ஸ்ரீபெரும்புதூரில், ஓட்டுக் கேட்க வந்த பெரிய தலைவரைக் குண்டு வைத்துக் கொன்றுவிட்டார்கள். விடிந்தபோது பஸ், கடை, தபால் என்று எல்லாமே நின்றுபோயிருந்தது. பலராமனின் நெஞ்சு வலிக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. விடிகாலையில் வந்து உட்கார்ந்தது, நகர மாட்டேன் என்றது.

அப்பா ஏதோ சொன்னார். விசாகை ஓடிப்போய்க் குனிந்தாள்.

"பௌர்ணமிக்கு... அரிசி சொல்லி வச்சிக்கீறேன்."

"பேசாத நைனா."

"எழும்பூர்லேர்ந்து பிக்கு வராரு. புள்ளைங்க எல்லாம் வரும். நீ... அன்னிக்கு ஒரு நாளு எம் பக்கத்துல வந்து ஒக்காரு."

தூரத்தில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. அது ஒரு சாக்காகவும் இருந்தது. எழுந்து மறுபடியும் ரோட்டுக்கு ஓடி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். வண்டி இல்லை. வயலில் யாரோ பம்புசெட் போட்டிருந்தார்கள். நாடே நின்றாலும் நாற்றுக்குத் தண்ணீர் வேண்டுமே.

அவள் திரும்பியபோது அம்மாவின் கை விசிறுவதை நிறுத்தியிருந்தது.

பலராமன் தபால்காரர். வல்லக்கோட்டையைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கெல்லாம் சைக்கிளில் போவார். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாடு மேய்க்கப் போயிற்று, எந்தப் பெண்ணுக்குப் பத்தாவதில் கணக்கு போயிற்று என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். வாலிபத்தில் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர், அங்கிருந்த தமிழ் பௌத்தர்களோடு சேர்ந்து, சாக்கில் சுற்றிய ஒரு புத்தர் சிலையோடு ஊர் திரும்பினார். இது என்ன வெளியூர் சாமி என்று காலனியே சிரித்தது. "வெளியூரா? காஞ்சிபுரத்துல வூட்டுக்கு வூடு இருந்தவருடா இவரு. நாமதான் தொலைச்சோம், நாமதான் தேடணும்" என்பார்.

தேடுவதற்கு அவர் பிடித்த வழி கோயில் கட்டுவதல்ல. வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை எழுப்பி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் போட்டு, படிப்பை நிறுத்திய பிள்ளைகளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். சோறும் புத்தகமும் பரீட்சைப் பீசும் அவர் பொறுப்பு. சோறு என்றால் பாஞ்சாலியின் பொறுப்பு என்று அர்த்தம். சாயங்காலம் விளக்கேற்றியதும் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சரணம் சொல்ல வேண்டும். புத்தரிடமும், அவர் சொன்ன அறத்திடமும், அந்த வழியில் நடக்கிறவர்களிடமும் அடைக்கலம் என்று மூன்று வரி. அதையே மூன்று சுற்று.

மதம் மாறு என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டது வேறு. காலனியில் பல வீடுகள் மேளக்கார வீடுகள். ஊர்ப் பக்கம் யார் செத்தாலும் இங்கிருந்துதான் போய் அடிக்க வேண்டும். அடித்து, ஆடி, சாராயத்தைக் குடித்துவிட்டு, மிச்சச் சோற்றைத் துண்டில் கட்டிக்கொண்டு வர வேண்டும். "உன் புள்ளைய நான் படிக்க வைக்கிறேன். நீ மோளத்த கீழ வை" என்று அப்பன்மார்களிடம் பலராமன் சொல்வார். திட்டிக்கொண்டே வைத்தார்கள். முதலில் கீழே இறங்கியது தாவீதின் அப்பாவுடைய மேளம். அல்லேலூயா சபையில் சேர்ந்தபோதுகூட மேளத்தை விடாத மனிதர் அவர். மகன் ஐ.டி.ஐ. முடித்து, அம்பத்தூரில் இரும்பைச் சூடேற்றிப் பதம் பார்க்கும் வேலைக்குப் போன பிறகும் பலராமனோடு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெற்ற மகளுக்குப் பலராமன் ஒன்று கூடுதலாகச் செய்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மதம் என்ற இடத்தில் பௌத்தம் என்று எழுதினார். பன்னிரண்டாவது முடித்து அவள் நர்சிங்குக்கு மனுப் போட்டபோது, அந்த ஒரு சொல்லுக்காக ஆதிதிராவிடர் சலுகை உனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைய சட்டம் அப்படி. இடமில்லை என்று வந்த கார்டை அவரேதான் கொண்டுவந்தார். மற்ற வீடுகளில் செய்வதுபோலவே வாசலில் சைக்கிளை நிறுத்தி, "போஸ்ட்" என்று கூப்பிட்டார்.

"மத்த புள்ளைங்க சர்டிபிகேட்டுல எல்லாம் இந்துன்னுதான கீது? அத ஏன் நைனா நீ மாத்தல?"

"அது அவங்க சோறு. அதுல கை வெக்க நான் யாரு?"

"அப்போ என் சோறு?"

அவர் சைக்கிளின் பெல்லைத் தடவிக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் விளக்கேற்றியபோது அவள் போய் உட்காரவில்லை. பிறகு எப்போதும் உட்காரவில்லை. அவள் தாம்பரத்தில் ஒரு கம்பெனி லைனில் நின்று ஒயர் ஒட்டப் போனாள். அவள் தோழிகளில் மூன்று பேர், இதே வீட்டில் சோறு தின்றவர்கள், நர்சாகவும் டீச்சராகவும் ஆனார்கள். வைகாசிப் பௌர்ணமி தோறும் வந்து பலராமன் காலில் விழுந்தார்கள். அந்தப் பௌர்ணமியை வைத்துத்தான் அவளுக்கே பெயர். போன வருஷம் சட்டத்தை மாற்றினார்கள். பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சைக்கிளை மிதித்து வந்தார். "இனிமே நம்பளுக்கும் உண்டும்மா!" என்றார், சின்னப் பையனைப்போல. விசாகை யூனிபார்மில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். "எனக்கு ஷிப்டுக்கு லேட்டாவுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுகையாக வந்தது.

வீட்டு நடையில் பெஞ்சைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். பின்னால் இரண்டு அறையும் பூட்டிக் கிடந்தன. மே மாதம், பிள்ளைகள் எல்லாம் லீவுக்கு அவரவர் ஊரில் இருந்தார்கள். ஜூனில் செத்திருந்தால் வாசல் கொள்ளாது. அடுத்த வாரப் பௌர்ணமிக்குச் செத்திருந்தால் பழைய பிள்ளைகளும் சேர்ந்து ஊரையே அடைத்திருப்பார்கள். அவர்கள் யாருக்கும் சொல்லி அனுப்ப வழியில்லை. தந்தி ஆபீஸ் மூடிக் கிடந்தது. எழும்பூருக்குப் போய் பிக்குவைக் கூட்டி வருவதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. மாலைக்குப் பூக்கடை இல்லை. யாரோ வேலியிலிருந்து அரளியைப் பறித்துக்கொண்டு வந்து காலடியில் வைத்தார்கள். வெயில் ஏற ஏற ஈ மொய்க்க ஆரம்பித்தது. விசாகை விரட்டிக்கொண்டே இருந்தாள். கை ஓயவில்லை.

அத்தை அம்சவல்லி மணிமங்கலத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தாள். சேதி சொல்லப் போன சைக்கிள்காரன் கொஞ்சம் பொறு, ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றும் அவள் நிற்கவில்லையாம், அவ்வளவு அவசரம். அண்ணன் மேல் விழுந்து கதறினாள். கதறி ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, முதலில் கேட்டது இதுதான்.

"மோளத்துக்கு யாரு போயிக்கீறாங்க?"

"மோளம் இல்ல அத்த. நைனா வேணாம்னு சொல்லிக்கீறாரு."

"சொன்னவரு செத்துட்டாரு. கேக்கறவங்க நாங்க உசுரோட கீறோம்." அம்சவல்லிக்குக் குரல் உடைந்தது. "என் புருசன் செத்தப்போ இந்த மனுசன் பேச்ச கேட்டுத்தான் மோளம் வேணாம்ட்டேன். எங்க மாமியா வூட்ல இன்னிக்கி வரிக்கும் சொல்லிக் காட்றாளுங்க, நாய பொதைக்கிற மாதிரி பொதைச்சேன்னு. எங்கண்ணனும் அப்டித்தான் போவணுமா?"

"யாரு இன்னா சொன்னா இன்னா? மோளம் அடிக்கக் கூடாது!"

கத்திய பிறகுதான் விசாகைக்கே தன் குரல் கேட்டது. அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயா பேசற? அத்தினி வருசமா அந்த மனுசன் கூட ஒக்காந்து ஒரு வெளக்கு ஏத்தாதவ, நீ பேசறியா?"

சுருக்கென்று தைத்தது. ஆனால் விசாகையால் விட முடியவில்லை. இவருடைய கொள்கைக்காகத்தான் அவள் படிப்பு போயிற்று. செத்து ஒரு பொழுது போவதற்குள் அந்தக் கொள்கையைத் தூக்கித் தெருவில் போட்டுவிட்டு, சாராயமும் மேளமுமாக இவரைக் கொண்டுபோய்ப் புதைத்தால், அவள் இழந்தது எதற்காக? ஒன்றுக்குமில்லாமலா? அவர் மேல் அவள் வைத்திருந்த கோபம்கூட அப்புறம் நிற்க இடமில்லாமல் போய்விடும். இதை யாரிடம் எடுத்துச் சொல்வது? அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் பக்கம் பேசுவாள் என்று நம்பினாள்.

பாஞ்சாலி கணவனின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தாமலே சொன்னாள்.

"அடிக்கட்டும்."

"அம்மா!"

"அவரு சொன்னத எல்லாம் நான் கேட்டேன். கோயிலுக்குப் போவாதன்னாரு, போவல. யார் பெத்த புள்ளைங்களுக்கோ ஆக்கிப் போடுன்னாரு, போட்டேன். நான் பெத்த புள்ள படிப்பு போச்சு, அப்பவும் வாயத் தொறக்கல." சீப்பு நின்றது. "வாசல்ல பாரு. யாரு கீது? எத்தினி புள்ளைங்க இந்த வூட்ல தின்னுச்சுங்க, தாவீத வுட்டா ஒண்ணு கூட இல்ல. இங்க ஒரு மனுசன் செத்துக் கெடக்கறாருன்னு யாருக்கும் தெரியாது. எனக்கு ஒரு சத்தம் வேணும் விசாகா. நாலு பேர் காதுல வுழற மாதிரி ஒரு சத்தம். இந்த ஒரு நாளு எனக்கு வுட்ரு."

வல்லக்கோட்டை மேளக்காரர்களுக்கு ஆள் போயிற்று. கும்பல் சேர்ந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அம்சவல்லி முந்தானையைச் செருகிக்கொண்டு காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மேளக்கார வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் ரயில்வேயில் இருந்தான், ஒருத்தி காஞ்சிபுரத்தில் டீச்சராக இருந்தாள், இன்னொருவன் எங்கோ வடக்கே மிலிட்டரியில் இருந்தான். மேளம் எங்கே என்று கேட்டால், கரையான் அரித்தது, அடுப்பில் போட்டோம், யாரிடமோ கொடுத்தோம் என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும், மேளத்தைக் கேட்டதற்கு அந்த அம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு மகனின் கல்யாணப் போட்டோவைக் காட்டினாள்.

"மோளம் அடிக்க ஒரு நாதி வெச்சிட்டுப் போவலயே, பாவி மனுசன்!" என்று அம்சவல்லி வாசலில் வந்து உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அதை அவள் ஒப்பாரியாகத்தான் சொன்னாள். 

"தாவீது வூட்டுப் பொறக்கடையில அவங்கப்பா மோளம் கீது," என்றாள் பாஞ்சாலி. "நீ போய் வாங்கியா விசாகா."

தாவீதின் வீட்டுப் பின்புறம், கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. தோல் தரையைப் பார்க்க, வளையம் மேலே தெரிய, தட்டுப்போல மல்லாந்திருந்தது. உள்ளே வைக்கோல் பரப்பி ஒரு செவலைக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. யார் வந்தாலும் நகர்வதில்லை என்ற முகத்தோடு அது விசாகையைப் பார்த்தது.

"இல்லேன்னு சொல்லிடுண்ணா," என்றாள் விசாகை. கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "கரையான் தின்னுடுச்சின்னு நானே போயி சொல்றேன். நீ சும்மா இரு, போதும்."

தாவீது கீழே உட்கார்ந்தான். "பெரிம்மா ஆக்கிப் போட்டதத் தின்னுதான் நான் படிச்சேன். என்னிக்காவது அவங்க வாயத் தொறந்து எதுனா கேட்டுக்கீறாங்களா? இன்னிக்கித்தான் கேக்கறாங்க. நான் இல்லேன்னு சொல்றதா?"

"நைனாவுக்கு?"

அவன் சிரித்தான், கண் கலங்கியிருந்தது. "எங்கப்பா சாவுறப்போ இன்னா சொன்னாரு தெரியுமா? என் கைய நிறுத்தினவன் சாவுக்கு நான் அடிக்கணும்னு இருந்தேன்டா, முந்திக்கினேனே அப்டின்னாரு. பெரிப்பா கிட்ட இத சொன்னப்போ ஓன்னு அழுதுட்டாரு."

அவன் கோழியைத் தூக்கினான். அது அவன் மணிக்கட்டைக் கொத்தியது. விசாகை ஒரு முறத்தில் வைக்கோலைப் போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினாள். அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்த கை. முட்டைகள் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிபோலச் சுட்டன.

வாசலில் வைக்கோலைக் கொளுத்தினார்கள். தோல் மேளத்தைச் சூடு காட்டி இறுக்கினால்தான் சத்தம் வரும். காலனியில் இன்னும் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள், கண் போய்விட்ட ஒரு கிழவர், இரண்டு குச்சிகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார். தாவீது மேளத்தை நெருப்பின் மேல் பிடித்துச் சுற்றினான். காய்ந்த கோழி எச்சத்தின் நாற்றம் எழுந்தது. கிழவர் மூக்கை உறிஞ்சினார்.

"போதும்டா, எடு."

தாவீது எடுக்கவில்லை.

"டேய், எடுறா. வாசன மாறுது பாரு. எடு, எடு!"

அவன் இன்னும் தாழ்த்திப் பிடித்தான். விசாகை அவன் கையைப் பார்த்தாள். சூட்டில் எந்த நிறம் வந்தால் எடுக்க வேண்டும் என்று பார்ப்பதற்காகவே கம்பெனியில் சம்பளம் வாங்குகிற கை. அது ஆடவில்லை, அசையவில்லை. சட்டென்று ஒரு வெடிப்பு. தோல் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் கிழிந்து சுருண்டது. அன்றைக்கு அந்த மேளம் போட்ட சத்தம் அது ஒன்றுதான்.

"கை தப்பிடுச்சி பெரிம்மா," என்றான் தாவீது, தலையைத் தூக்காமல்.

அம்சவல்லி வாயைத் திறந்தாள். பாஞ்சாலி அவள் தோளைப் பிடித்து அமர்த்தினாள். தாவீதின் குனிந்த தலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு குழம்பு ஊற்றிய தலை என்று நினைத்தாளோ என்னவோ.

"தூக்குங்க. பொழுது போவுது," என்றாள்.

அம்சவல்லியின் புருஷனும் மேளமில்லாமல்தான் போனார். ஆனால் அது மணிமங்கலத்தில். இந்தத் தெரு பார்ப்பது இதுதான் முதல் தடவை. யாருக்கும் எப்படி நடப்பது என்று தெரியவில்லை. மேளம் முன்னால் போனால் அந்த அடிக்குக் கால் தானாகப் போகும். இப்போது பாடையைத் தூக்கியவர்கள் ஆளுக்கொரு வேகத்தில் போய் இடித்துக்கொண்டார்கள். செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். ஊர்ப் பக்கத்திலிருந்து ரேடியோ காலையிலிருந்து விடாமல் சோக வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தது. அது இவருக்கில்லை.

காலனி முடிகிற இடத்தில் மூன்று பாதை சேரும். அங்கே வந்ததும் மேளம் நிற்கும். பாடையை இறக்கித் திருப்பி வைப்பார்கள். மறுபடி தூக்கும்போது அடி மாறும், வேகமாகும். அந்த மாறிய அடியைக் கேட்டதும் பெண்கள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கப்பால் ஆண்கள்தான். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, மேளம் சொல்லும்.

இன்றைக்கு மேளம் சொல்லவில்லை. முன்னால் போனவர்கள் குனிந்த தலையோடு மூன்று பாதையைக் கடந்து போய்விட்டார்கள். பின்னால் வந்த பெண்களும் அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். விசாகை எப்படியும் போவது என்று முடிவு செய்திருந்தாள், தடுத்தால் சண்டை போடவும் தயாராக இருந்தாள். சண்டை போட யாரும் வரவில்லை. சப்பாத்திக் கள்ளி வேலியும் அதன் பின்னால் மண்மேடுகளும் தெரிந்தபோதுதான் அம்சவல்லி நிமிர்ந்தாள்.

"ஐயையோ, சுடுகாடு வரிக்கும் வந்துட்டோமே அண்ணி!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியோடு விழித்தார்கள். பாஞ்சாலி சுற்றிலும் பார்த்தாள். இத்தனை வயதில் இந்த இடத்தை அவள் பார்த்ததே இல்லை. அவளுடைய அப்பா அம்மா, பிறந்து செத்த முதல் பிள்ளை, எல்லாரும் இங்கேதான் எங்கேயோ இருந்தார்கள்.

"வந்தாச்சி இல்ல," என்று சொல்லிவிட்டுக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பலராமனை இறக்கினார்கள். எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள். மண் தள்ளுவதற்கு முன் வழக்கமாக ஏதாவது ஒன்று நடக்கும். இங்கே என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் இல்லை.

"எதுனா சொல்லணும் இல்ல விசாகம்?" என்றான் தாவீது மெதுவாக. "பிக்கு இருந்தா சொல்வாரு."

விசாகை குழியைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்காரு என்று கேட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு பம்புசெட் சத்தத்துக்காக எழுந்து ஓடினாள். அவள் அம்மாவுக்குப் பக்கத்தில், மண்ணில், குழியை ஒட்டி உட்கார்ந்தாள்.

"புத்தம் சரணம் கச்சாமி," என்றாள். சத்தம் யாருடையதோபோல இருந்தது. அடுத்த வரி தானாக வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. வார்த்தைகள் எங்கும் போகவில்லை, உள்ளேயே கிடந்திருக்கின்றன. இரண்டாவது சுற்றைச் சொல்லும்போது அவளுக்கு அந்த வரிசை ஞாபகம் வந்தது. விளக்குக்கு முன்னால் ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், கடைசியில் அவர், அவருக்குப் பக்கத்தில் காலியாக விட்டு வைத்த ஓர் இடம். ஒரு நாள்கூட அவர் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை. அது அவளுக்குத் தெரியும், சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது சுற்றின் முதல் சொல்லுக்கு வாயைத் திறந்தாள். வரவில்லை. மறுபடி முயன்றாள். காற்றுத்தான் வந்தது.

"முடிஞ்சிச்சா?" என்று அம்சவல்லி கேட்டாள்.

"முடிஞ்சிச்சி அத்த."

ஒரு சுற்று பாக்கி என்று தாவீதுக்குத் தெரியும். அவன் அவளைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். முதல் மண் விழுந்ததும் அம்சவல்லி பெருங்குரலெடுத்து அழுதாள். கூட வந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சுடுகாட்டில் பெண்கள் அழும் சத்தம் அந்த மண்ணுக்குப் புதிது. ஊர்ப் பக்கம் வரப்பில் மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவன் நின்று, யாருடைய சாவு என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து தலை முழுகியபோது வெயில் தணிந்திருந்தது. பாஞ்சாலி ஈரப் புடவையோடு பூட்டிய இரண்டு அறைகளின் எதிரில் நின்றாள்.

"அரிசி சொல்லி வச்சிட்டாராமே பௌர்ணமிக்கு. வேணாம்னு ஆள் அனுப்பட்டுமா?"

"வேணாம்மா. வரட்டும்."

"அவ்ளோ பேருக்கு யாரு ஆக்கறது?"

விசாகை வாசலில் சாம்பலுக்குப் பக்கத்தில் கிடந்த மேளத்தை எடுத்துக்கொண்டு தாவீதின் வீட்டுப் பின்புறம் போனாள். தோலின் கிழிசல்கள் ஓரத்தில் சுருண்டு தொங்கின. அவற்றைப் பிய்த்துப் போட்டாள். வெறும் வளையத்தைப் பழைய இடத்தில் தரையில் வைத்து, உள்ளே வைக்கோலைப் பரப்பினாள். செவலைக் கோழி சுற்றிச் சுற்றி வந்து அவள் காலைக் கொத்தியது.

முறத்திலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். சூடு இருந்தது. மே மாத வெயிலாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக வளையத்துக்குள் வைத்துவிட்டு எழுந்து விலகினாள். கோழி உள்ளே ஏறி, முட்டைகளைக் காலால் நகர்த்திச் சரி செய்து, சிறகை விரித்து உட்கார்ந்தது.